மோட்டார் சைக்கிள் திறன்பேசித் தாங்கி

மோட்டார் சைக்கிள் திறன்பேசித் தாங்கி என்பது, ஓட்டுபவர் கையில் எடுக்காமலேயே திரையைப் பார்க்கும்படி திறன்பேசியை வண்டியின் கைப்பிடித் தண்டிலோ அதன் அருகிலோ இறுக்கிப் பிடித்து வைக்கும் துணைக்கருவி ஆகும். கடைவீதியில் இதற்கு ‘மொபைல் ஹோல்டர்’ என்பதே பெயர். வழிகாட்டும் வரைபடத்தைப் பார்ப்பதற்கே இது பெரும்பாலும் பயன்படுகிறது. உணவு, பொருள் விநியோகம் செய்வோருக்கும் இருசக்கர வாடகை வண்டி ஓட்டுவோருக்கும் இது தொழிற்கருவி.

மகிழுந்துக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தாங்கியோடு இதை ஒப்பிட முடியாது. மகிழுந்துக்குள் மழையும் எதிர்காற்றும் வருவதில்லை. எஞ்சினின் அதிர்வும் பல ரப்பர் தாங்கிகளைக் கடந்து மெலிந்துதான் உள்ளே வரும். மோட்டார் சைக்கிளில் எஞ்சின் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. பல வண்டிகளில் அது சட்டத்தோடு நேரடியாக முடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டத்தின் முன்முனையில்தான் கைப்பிடித் தண்டு, அதன் மேல்தான் திறன்பேசி. எனவே தாங்கிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கருவி விழாமல் பிடிப்பது. மற்றொன்று, கருவி அதிராமல் பிடிப்பது. முதலாவது ஓரளவு விரைவாகக் கைகூடியது. இரண்டாவது, திறன்பேசிக்கு வெகுகாலம் முன்பே, வேகமானி வந்த நாளிலிருந்தே தொடரும் சிக்கல்.

முன்னோடி: வேகமானி

மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் பொருத்தப்பட்ட முதல் முக்கியமான நுண்கருவி வேகமானி. சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தில் சுழல்மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் மூலம் முள்ளை நகர்த்தும் வேகமானிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ சுல்சே 1902 இல் காப்புரிமை பெற்றார். சக்கரத்திலிருந்து வரும் நெகிழ்கம்பி காந்தத்தைச் சுழற்ற, மெல்லிய சுருள்வில் முள்ளைப் பிடித்திழுக்கும். அமைப்பு எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் அந்த மெல்லிய சுருள்வில்லுக்கு வண்டியின் வேகம் எது, எஞ்சினின் அதிர்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் நெடுங்காலம் இருந்தவை ஸ்மித்ஸ் நிறுவனத்தின் ‘குரோனோமெட்ரிக்’ வேகமானிகள். இவை கடிகாரப் பொறியமைப்பு கொண்டவை. குறுகிய கால இடைவெளிகளில் சக்கரத்தின் சுழற்சியை எண்ணி, முள்ளைப் படிப்படியாக நகர்த்துபவை. முள் துள்ளித் துள்ளி ஏறுவது பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கும். ஆயினும் பற்சக்கரம் பிடித்த இடத்திலேயே முள் நிற்பதால் அதிர்வு அதை எளிதில் அசைக்க முடியாது. 1960களின் நடுவில் செலவு கருதிக் காந்த வேகமானிக்கு மாறியபோது, இரட்டை உருளை எஞ்சின்களின் அதிர்வில் முள் நடுங்கத் தொடங்கியது. ரப்பர்க் கிண்ணத்துக்குள் வேகமானியை உட்கார வைக்கும் வழக்கம் இவ்வாறு பரவியது. இன்று திறன்பேசித் தாங்கியின் அடியில் காணப்படும் ரப்பர் உருளைகள் அதே சிந்தனையின் தொடர்ச்சிதான்.

கருவியை ரப்பரில் உட்கார வைப்பதற்குப் பதிலாக எஞ்சினையே ரப்பரில் உட்கார வைத்தால் என்ன? 1967 இல் அறிமுகமான நார்ட்டன் கமாண்டோ மோட்டார் சைக்கிள் இந்தக் கேள்விக்கு விடையாக வந்தது. எஞ்சின், பற்பெட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, அதை ரப்பர் இணைப்புகளின் வழியே முதன்மைச் சட்டத்தில் தொங்கவிட்டனர். ‘ஐசோலாஸ்டிக்’ என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி குலுங்கும். வேகம் கூடியதும் குலுக்கல் மறைந்து ஓட்டம் மென்மையாகிவிடும். இதன் காரணம் கீழே, திறன்பேசியின் அதிர்வைப் பற்றிப் பேசும் இடத்தில் விளங்கும்.

வரைபடம் கைப்பிடிக்கு வருதல்

வழி பார்ப்பது வேறு கதை. மகிழுந்தில் அருகில் இருப்பவர் வரைபடத்தை விரித்து வழி சொல்லலாம். மோட்டார் சைக்கிளில் அந்த வசதி இல்லை. இரு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும், காற்றோ தாளைப் பிய்த்துக்கொண்டு போகும். நெடுந்தூரப் பயணிகளின் விடை ‘டேங்க் பை’. பெட்ரோல் தொட்டியின் மேல் வார்களாலோ காந்தங்களாலோ நிற்கும் பை இது. அதன் மேல்புறத்தில் ஒளிபுகும் நெகிழி உறை இருக்கும். மடித்த வரைபடத்தை அதற்குள் செருகிக் குனிந்து பார்த்தபடி போகலாம். விழுவது, பறப்பது இரண்டும் தீர்ந்தன. தாளுக்கு அதிர்வும் பொருட்டல்ல. ஆனால் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்து வயிற்றுக்கு நேரே தாழ்த்த வேண்டியிருந்தது. இது சிறிய குறை அன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும்.

பாலைவனப் பந்தயங்கள் கண்ணையும் வழிகாட்டியையும் ஒரே திசைக்குக் கொண்டுவந்தன. 1977 இல் அபிஜான்–நீஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பிரெஞ்சுக்காரர் தியெரி சபீன் சகாராவில் வழி தவறி, உயிர் பிழைத்து மீண்டார். அவரே தொடங்கிய பாரிஸ்–டக்கார் பந்தயம் 1978 டிசம்பர் 26 அன்று புறப்பட்டது. முதல் பந்தயத்தில் சிரில் நெவூ, ஒற்றை உருளை கொண்ட யமஹா எக்ஸ்டி 500 வண்டியில் வென்றார். வழிதவறியவர் தொடங்கிய பந்தயத்தில் வழிகாட்டும் ஏடு முதன்மை பெற்றதில் வியப்பில்லை. ‘ரோடுபுக்’ எனப்படும் அந்த ஏடு முழு வரைபடம் அன்று. எத்தனை கிலோமீட்டரில் எந்தத் திருப்பம், எங்கே பள்ளம் என்று சிறு படங்களாகக் காட்டும் நீண்ட காகிதச் சுருள் அது. இதை ஒரு பெட்டிக்குள் இரு உருளைகளில் சுற்றிக் கைப்பிடித் தண்டுக்கு மேலே, பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே பொருத்தினர். சுருளை முதலில் கையால் திருகினர். பின்னர் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தானும் சிறு மின்மோட்டாரும் வந்தன. ஓட்டுபவர் கையை எடுக்காமல், தலையைக் குனியாமல், ஒரு கணம் மட்டும் பார்த்து அடுத்த திருப்பத்தை அறிய வேண்டும் என்பதே இதன் இலக்கணம். நல்ல திறன்பேசித் தாங்கிக்கும் அதுவே இலக்கணம்.

செயற்கைக்கோள் வழிகாட்டிகளும் ரப்பர்ப் பந்தும்

அமெரிக்காவின் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் அமைப்பு பொதுமக்களுக்குத் தந்த குறிகையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டதால், எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதைச் சிறு கருவியே சொல்லக்கூடிய நிலை வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே நெதர்லாந்தின் டொம்டொம், அமெரிக்காவின் கார்மின் ஆகிய நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனி வழிகாட்டிகளை விற்றன. இவை மழை தாங்கும், கையுறை அணிந்த விரலுக்குக் கட்டுப்படும், வண்டியின் மின்கலத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். விலை மட்டும் சாதாரண ஓட்டுநருக்கு எட்டாதது.

இந்தக் காலத்தில் பரவலான ஒரு பொருத்தி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த ‘ராம் மவுண்ட்ஸ்’ நிறுவனத்தின் பந்துப் பொருத்தி அது. ரப்பர் போர்த்திய பந்து ஒன்றைக் கைப்பிடித் தண்டில் கட்டி, மற்றொன்றைக் கருவியின் பின்புறத்தில் இணைத்து, இரண்டையும் ஒரே திருகால் இறுகும் கிண்ணக் கையால் கவ்வுவதே அமைப்பு. மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 1 அங்குலப் பந்து போதும். எந்தக் கோணத்திலும் திருப்பலாம். ரப்பரின் உராய்வு பிடியை விடாது. பந்தின் ரப்பர் சிறிது அதிர்வையும் விழுங்கும். ஆனால் அது பிடிப்பதற்காக இறுக்கப்பட்ட ரப்பர். அதிர்வைத் தடுக்கத் தேவையான தளர்வு அதில் இல்லை. காகிதச் சுருளுக்கோ தடித்த வழிகாட்டிக் கருவிக்கோ இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை.

திறன்பேசி வருகை

2007 இல் ஐபோனும் 2008 இல் முதல் ஆண்ட்ராய்டு பேசியும் விற்பனைக்கு வந்தன. 2009 இல் கூகுள், ஆண்ட்ராய்டு பேசிகளுக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் சேவையைக் கட்டணமின்றித் தந்தது. அதுவரை தனிக்கருவி செய்துவந்த வேலையைச் சட்டைப்பையில் இருந்த பொருளே செய்யத் தொடங்கியது. ஆனால் அந்தப் பொருள் வண்டிக்காகச் செய்யப்பட்டதன்று. கண்ணாடி முகம், வழுக்கும் முதுகு, ஓரத்தில் பொத்தான்கள், அதைப் பிடித்து வைக்க எந்தக் கொக்கியும் இல்லாத உடல். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பல வகைத் தாங்கிகள் எழுந்தன.

நான்கு மூலைகளையும் நகம்போல் கவ்வும் தாங்கி எளியது, மலிவானது. எந்த அளவுப் பேசியையும் ஏற்கும். அதன் பிடி முழுவதும் ஒரு வில்லையோ திருகையோ நம்பியிருப்பதால், குறுக்காக ஒரு ரப்பர் வலையும் மாட்டுவது வழக்கம். ஒளிபுகும் மூடியுடைய பை மழைக்கு நல்லது, வெயிலுக்குக் கெடுதல். மூடிய பைக்குள் பேசி சூடேறித் திரையின் ஒளி தானாகக் குறைந்துவிடும். மூன்றாவது, பேசியின் உறையிலேயே பூட்டுப்பகுதி கொண்ட வகை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தொடங்கிய ‘குவாட் லாக்’ இதில் பெயர் பெற்றது. முதலில் மிதிவண்டிக்காக, 2011 இல் இணையம் வழியே பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி உருவானது அது. உறையைத் தாங்கியில் வைத்துச் சற்றுத் திருகினால் பூட்டிக்கொள்ளும். மிகப் பாதுகாப்பான வகை இதுவே. ஆயினும் பேசியை மாற்றும்போது உறையையும் மாற்ற வேண்டும். சந்தையில் மலிவுவிலைப் பேசிகள் பலவற்றுக்கு அத்தகைய உறை கிடைப்பதில்லை. காந்தத்தால் மட்டும் ஒட்டும் வகை மகிழுந்துக்குச் சரி. பள்ளத்தில் இறங்கி ஏறும் இருசக்கர வண்டியில் அதை நம்புவது அறிவுடைமை ஆகாது.

இந்திய, இந்தோனேசியச் சாலைகளில்

மேலைநாடுகளில் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் விடுமுறைப் பயணத்துக்குரியது. ஆசியாவில் அது அன்றாட வாகனம். இந்தத் தாங்கியின் வரலாறு ஆசியாவில்தான் வேகம் கொண்டது.

ஜகார்த்தாவில் 2010 இல் தொலைபேசி அழைப்பு மையமாகத் தொடங்கிய கோஜெக், 2015 இல் செயலியாக மாறியது. ‘ஓஜெக்’ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தெருமுனையில் நின்று கூப்பிடுவதை விட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினர். இந்தோனேசிய ஓட்டிகளிடையே பரவிய ஒரு புதுமை, கைப்பிடியில் உள்ள பேசிக்கென்றே செய்த சிறு குடை. பொம்மைக் குடைபோல் இருக்கும் அது வெயிலையும் மழையையும் ஒருசேரத் தடுக்கிறது. எந்தப் பெரிய நிறுவனத்தின் ஆய்வகத்திலும் தோன்றியிராத தீர்வு இது. இப்போது இந்தியச் சந்தையிலும் கிடைக்கிறது.

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை சரிந்தது. 2017 டிசம்பரில் கூகுள் வரைபடம் இருசக்கர வண்டிக்கெனத் தனி வழிமுறையை இந்தியாவில் அறிமுகம் செய்தது. மகிழுந்து நுழைய முடியாத குறுக்குச் சந்துகளும் அதில் வழியாகக் காட்டப்பட்டன. இதற்குள் சுவிகி, சொமாட்டோ, ராபிடோ போன்ற செயலிகள் நகரங்களில் பரவியிருந்தன. நிதி ஆயோக் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் செயலி, தற்காலிகப் பணி சார்ந்த தொழிலாளர் 2020–21 இல் 77 லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிட்டது. இவர்கள் எல்லோரும் வண்டி ஓட்டுபவர்கள் அல்லர். எனினும் வண்டி ஓட்டுவோருக்குப் பேசி அணைந்தால் அன்றைய ஊதியமும் நின்றுவிடும்.

தாங்கி வாங்க வசதி இல்லாதபோது வேறு வழிகள் இருந்தன. பேசியைத் தலைக்கவசத்துக்குள் காதோரம் செருகிக்கொண்டு வழிசொல்லும் குரலை மட்டும் கேட்பது ஒன்று. தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு நிறுத்தங்களில் எடுத்துப் பார்ப்பது மற்றொன்று. இடக்கையில் பேசியைப் பிடித்தபடி ஒரு கையால் ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம். இவற்றோடு ஒப்பிட்டால் மிக மலிவான தாங்கிகூடப் பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம். சென்னையில் ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளிலும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் வாகனத் துணைப்பொருள் கடைகளிலும் இவை அடுக்கிவைத்து விற்கப்படுகின்றன.

பொருத்தும் இடம் பற்றிச் சில செய்திகள் கடைக்காரர் சொல்லாமல் விடுபவை. கைப்பிடித் தண்டின் பிடியிடம் பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சில பெரிய வண்டிகளில் 25.4 மில்லிமீட்டர். தண்டு நடுவில் தடித்திருந்தால் 28.6 மில்லிமீட்டர் வரை இருக்கும். கவ்வி பெரிதாக இருந்தால் இடையில் ரப்பர்ப் பட்டை வைக்க வேண்டும். வெறும் திருகை மேலும் இறுக்குவதால் பயனில்லை. ஸ்கூட்டர்களில் தண்டு நெகிழி உறைக்குள் மறைந்திருப்பதால், கண்ணாடிக் கம்பியின் அடியில் தாங்கியைப் பொருத்துவர். யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் திரும்பும். அது தெரியாமல் முடுக்கி மரையைக் கெடுப்பது பட்டறைகளில் பழகிய கதை. பொருத்திய பிறகு கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். தாங்கி டேங்கில் இடித்தாலோ, பிரேக் குழாய், கிளட்ச் கம்பி, மின்னேற்றக் கம்பி இவற்றில் ஏதேனும் இழுபட்டாலோ இடம் மாற்றியே ஆக வேண்டும். வேகமானியை மறைக்கவும் கூடாது. நீண்ட கையோடு எட்டி நிற்கும் தாங்கி பார்வைக்கு வசதி, அதிர்வுக்கு எதிரி. மூங்கில் கழியின் நுனி அடியைவிட அதிகம் ஆடுவது போலத்தான் இதுவும்.

அதிர்வும் கேமராவும்

2012 இல் வெளிவந்த நோக்கியா லூமியா 920, ஒளியியல் படநிலைப்படுத்தல் கொண்ட முதல் திறன்பேசியாகக் கருதப்படுகிறது. ஆப்பிள் 2014 இல் ஐபோன் 6 பிளஸில் இதைக் கொண்டுவந்தது. இந்த அமைப்பில் கேமராவின் வில்லை இறுக்கமாகப் பதிக்கப்பட்டிருக்காது. மெல்லிய தாங்குகம்பிகளில் மிதப்பதுபோல் நிற்கும். கை நடுங்குவதைச் சுழல்மானி உணர்ந்ததும், சிறு காந்தமும் கம்பிச்சுருளும் வில்லையை எதிர்த்திசையில் நகர்த்திப் படத்தை மங்காமல் காக்கும். கையின் மெதுவான நடுக்கத்துக்காக வடிவமைக்கப்பட்ட இந்த நுண்ணிய உறுப்பு, எஞ்சினின் அதிர்வை மணிக்கணக்கில் தாங்கும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

நெடும்பயணம் முடிந்து படம் எடுக்கும்போது கேமரா மங்கலாகத் தெரிவதாகவும், படம் நடுங்குவதாகவும் ஓட்டுநர்கள் முறையிட்டுவந்தனர். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. ஆற்றல்மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் வீச்சுமிக்க அதிர்வு சட்டம், கைப்பிடி வழியே பேசியை அடைந்து, படநிலைப்படுத்தல், தானியங்கிக் குவியம் ஆகியவற்றின் செயல்திறனைக் குறைக்கக்கூடும் என்று அது கூறியது. அத்தகைய வண்டிகளில் ஐபோனைப் பொருத்த வேண்டாம் என்றது. மொபெட், மின்ஸ்கூட்டர் போன்ற குறைந்த அதிர்வுள்ள வண்டிகளிலும் அதிர்வு குறைக்கும் தாங்கி வேண்டும், நெடுநேரம் தொடர்ந்து பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. விழாமல் பிடித்தால் போதும் என்ற காலம் அந்த அறிவிப்போடு முடிந்தது.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பது பள்ளி இயற்பியலுக்குள் அடங்குவதே. உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. ஒவ்வொரு முறையும் அது நின்று திரும்பும்போது சட்டத்தை ஒரு தள்ளு தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஒற்றை உருளை எஞ்சின் நொடிக்கு 50 முறை குலுக்கும். இது முதன்மை அதிர்வு. இதன் இருமடங்கு அலைவெண்ணில் சிறிய இரண்டாம்நிலை அதிர்வும் உண்டு. வரிசையாக நான்கு உருளை கொண்ட எஞ்சினில் முதன்மை அதிர்வுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, இரண்டாம்நிலை மட்டும் மெல்லிய ரீங்காரமாகக் கையில் உறைக்கும். 90 பாகை கோணத்தில் அமைந்த இரட்டை உருளை முதன்மை அதிர்வில் சமநிலை கொண்டது. ஹார்லியின் 45 பாகை எஞ்சின் அவ்வாறு அன்று.

ஒற்றை உருளை எஞ்சினுக்குச் சென்னையைவிட நெருங்கிய ஊர் உலகில் அதிகம் இல்லை. 1955 இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தது. இங்கிலாந்தில் தாய்நிறுவனம் மறைந்த பிறகும் அந்த வண்டி இங்கே தொடர்ந்தது. புல்லட்டின் ‘டப் டப்’ ஓசையோடு அதன் குலுக்கலும் பெயர்பெற்றது. கைப்பிடிக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிவதை அந்த வண்டிக்காரர்கள் பெருமையாகவே சொல்வார்கள். 2020 நவம்பரில் வந்த மீட்டியோர் 350 வண்டியின் புதிய எஞ்சினில், பிஸ்டனின் தள்ளுக்கு எதிராகச் சுழலும் சமன்செய் தண்டு சேர்க்கப்பட்டது. 2021 இல் கிளாசிக்கும் 2023 இல் புல்லட்டும் அந்த எஞ்சினுக்கு மாறின. பழைய வண்டிகள் இன்னும் ஏராளமாகச் சாலையில் ஓடுகின்றன. அதிர்வு குறைக்கும் தாங்கி வேறெந்த வண்டியைவிடவும் அவற்றுக்குத்தான் தேவை.

அந்தத் தாங்கி வேலை செய்யும் விதம் இது. பேசியைச் சுமக்கும் தட்டுக்கும் கவ்விக்கும் இடையே மென்மையான ரப்பரோ சிலிக்கோனோ வைக்கப்படுகிறது. எந்த வில்லின் மேல் எடை வைத்தாலும் அதற்கென ஓர் இயல்பு அலைவெண் உண்டு. எடையால் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அலைவெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்சு. வெளியிலிருந்து வரும் அதிர்வின் அலைவெண், இயல்பு அலைவெண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதைக் குறைக்கத் தொடங்கும். இங்கே அந்த எல்லை ஏறத்தாழ 22 ஹெர்ட்சு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் வரும் 50 ஹெர்ட்சு அதிர்வில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே பேசியை அடையும். இது எளிய கணக்கு. உண்மையான ரப்பரில் சற்றுக் கூடும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் அது 17 ஹெர்ட்சு. இயல்பு அலைவெண்ணோடு ஒத்துப்போய்ப் பேசி குலுங்கும். கமாண்டோவின் வேடிக்கைக்குக் காரணமும் இதுவே.

இதைப் பார்த்துத் தாங்கி கெட்டது என்று எண்ணி, ரப்பர் அசையாதபடி பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவோர் உண்டு. கட்டியதும் குலுக்கல் நிற்கும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். கடினமான ரப்பரைத் திணித்த மலிவுத் தாங்கிகளும் இதே தவறைத் தொழிற்சாலையிலேயே செய்கின்றன. ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, பேசியின் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பார்த்து வாங்குவதே முறை. வெயிலில் கிடக்கும் ரப்பர் நாளடைவில் இறுகிவிடும். அப்போது அந்த உருளைகளை மட்டும் மாற்ற வேண்டும்.

சட்டம்

பிரித்தானியாவில் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது 2003 டிசம்பர் முதல் குற்றம். 2022 இல் விதி மேலும் இறுக்கப்பட்டது. பார்வையை மறைக்காமல் தாங்கியில் பொருத்திய பேசியில் வழி பார்க்க அங்கே தடையில்லை. இந்தியாவில் 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184 ஆம் பிரிவு, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் குற்றத்துக்கு 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், வழி அறிவதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. தாங்கியில் இருக்கும் பேசியில் காணொளி பார்ப்பதும் செய்திக்கு விடை தட்டுவதும் இந்த விலக்கில் வாரா. விநியோக ஊழியரின் நிலைதான் இங்கே சிக்கலானது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பணியை ஏற்கச் சொல்லித் திரை ஒளிரும், ஏற்க நொடிகள்தான் அவகாசம். விதி ஓட்டுநரை நோக்கிப் பேசுகிறது. திரையை ஒளிரச் செய்யும் செயலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியோடு வந்த திரைகள்

வண்டி உற்பத்தியாளர்கள் சற்றுத் தாமதமாகவே விழித்துக்கொண்டனர். ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் 2018 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த என்டார்க் 125 ஸ்கூட்டர், புளூடூத் வழியே பேசியோடு இணைந்து திருப்பங்களை வேகமானித் திரையிலேயே காட்டியது. அதே ஆண்டில் ஏத்தர் 450 மின்ஸ்கூட்டர் தொடுதிரையோடு வந்தது. சென்னை ஐஐடி மாணவர்களாக இருந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. மீட்டியோர் 350 வண்டியின் ‘டிரிப்பர்’, வேகமானிக்கு அருகில் உள்ள சிறு வட்டத்தில் அம்புக்குறியையும் தூரத்தையும் மட்டும் காட்டுகிறது. முழு வரைபடம் இல்லையே என்று குறை சொன்னவர்கள் இருந்தனர். உண்மையில் டக்கார் ரோடுபுக்கின் இலக்கணத்துக்கு அதுவே நெருக்கமானது. 2023 இல் வந்த புதிய ஹிமாலயனில் வட்டத் திரை முழுதும் கூகுள் வரைபடம் தெரிகிறது. இந்த வண்டிகளில் பேசி மீண்டும் சட்டைப்பைக்கே போய்விடுகிறது. கேமராவுக்கும் அதுவே நல்லது.

எனினும் நாள்முழுதும் வழி பார்த்து ஓட்டுபவர்களில் பலர் வைத்திருப்பவை இத்தகைய திரை இல்லாத பழைய 100, 125 சிசி வண்டிகள். அவற்றின் எஞ்சின் சிறியது, வீச்சும் சிறியது. ஆனால் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 அதிர்வுகள், நாளில் எட்டுப் பத்து மணி நேரம். மாதத் தவணையில் வாங்கிய பேசி அந்த அதிர்வில் இருக்கிறது. கேமரா கெட்டால் ஒப்படைத்த பொருளுக்குப் படம் எடுத்து அனுப்புவதும், பணம் பெறும் குறியீட்டைப் படிப்பதும் தடைபடும். மின்ஸ்கூட்டருக்கு மாறியவர்களுக்கு எஞ்சின் அதிர்வு இல்லை, சாலைப் பள்ளங்களின் குலுக்கல் மட்டுமே. வண்டியை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள் கருவியில்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய தாங்கியை வாங்கி, மாலையில் பேசியோடு அதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.